அந்த 18 நிமிடம் எங்கே ஒளிந்திருக்கிறது, தெரியுமா?

முதல் மராத்தானை முடிப்பது வேறு, ஏழாவது மராத்தானை வேகமாக ஓடுவது வேறு. இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது, தெரியுமா? புதிதாக ஓட வந்தவருக்கு எதைச் செய்தாலும் முன்னேற்றம்தான். விடியற்காலையில் எழுந்து ஷூவை மாட்டினாலே போதும், மாதா மாதம் வாட்ச்சில் நிமிடங்கள் உதிரும். நாலைந்து ஃபுல் மராத்தான் ஓடி முடித்த பிறகுதான் உண்மையான தேடல் தொடங்குகிறது. என்னுடைய ஆறாவது ஃபுல் 3:56. முதல் பாதி 1:49, இரண்டாம் பாதி 2:07. நடுவே 18 நிமிடம்! அது எங்கே போனது என்று தேடிப் போனபோது அள்ள அள்ளக் குறையாமல் ஆச்சரியங்கள் கிடைத்தன. சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேளுங்கள்.

மராத்தானில் எல்லோரும் பயப்படும் அந்த 'சுவர்' ஒரு எளிய கழித்தல் கணக்கு, தெரியுமா? ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் ஓட்டிச் செல்ல ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 60 கிலோ ஆள் 42.195 கிலோமீட்டர் ஓட 2,500 கலோரி வேண்டும். தசையும் ஈரலும் சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைக் கையிருப்போ 2,000 கலோரிப் பக்கம்தான். 30, 32 கிலோமீட்டரில் கால் கல்லாவதற்கு இதுதான் காரணம். மனவலிமை போதவில்லை என்று நொந்துகொண்டவர்களே, கஜானா காலியாகியிருக்கிறது, அவ்வளவுதான்! இன்னொரு விந்தையும் உண்டு. ஒல்லியாக இருக்கும் அதே ஆளின் உடம்பில் ஆறு கிலோ கொழுப்பு இருந்தால்கூட அது 40,000 கலோரிக்கு மேல். எத்தனையோ மராத்தானுக்குப் போதும்! வீடு நிறைய விறகு இருந்தும் அடுப்பு சின்னது. கொழுப்பை வேகமாக எரிக்கப் பழகாத உடம்பு சர்க்கரையைத்தான் முதலில் வாரி இறைக்கிறது.

அந்த அடுப்பைப் பெரிதாக்க முடியுமா? முடியும். 1967-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜான் ஹொலோசி என்ற விஞ்ஞானி எலிகளை டிரெட்மில்லில் ஓடவிட்டார். சில வாரங்களில் அவற்றின் தசை செல்களுக்குள், ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது! இதயமும் நுரையீரலும்தான் பயிற்சியில் தேறுகின்றன என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. தசையே உள்ளுக்குள் புது அடுப்புகளைக் கட்டிக்கொள்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அதைவிடப் பெரிய வியப்பு, அந்த அடுப்புகளைக் கட்ட வெறிகொண்டு ஓட வேண்டியதில்லை. நீண்ட நேரம், மெதுவாக, அலுக்காமல் ஓடினால் போதும்.

மெதுவாகவா என்று சந்தேகப்படுபவர்களுக்காகக் கனடாவில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது!

ஒன்டாரியோ மாகாணத்தின் மில்டன் ஊர். எட் விட்லாக் என்ற ஓய்வுபெற்ற பொறியாளர். வீட்டுக்குப் பக்கத்தில் எவர்கிரீன் கல்லறைத் தோட்டம், உள்ளே மரங்களுக்கு நடுவே சின்னதாக ஒரு வளையப் பாதை. தினமும் அங்கே போவார். வெள்ளைத் தலைமுடி காற்றில் பறக்க, பாதத்தை அதிகம் தூக்காமல், தேய்த்துத் தேய்த்து ஒரு ஓட்டம். மணிக்கணக்கில். பயிற்சி உச்சத்தில் இருக்கும்போது தினம் மூன்று மணி நேரம்! சுற்றுகளை எண்ணமாட்டார், நேரத்தை மட்டும் பார்ப்பார். இதயத் துடிப்புக் கருவி கிடையாது, பயிற்சியாளர் கிடையாது, ஷூகூட வருடக்கணக்கில் பழசு. அந்த மனிதர் 2003-ல் 72 வயதில் 2:59:10. எழுபது கடந்த ஒருவர் மூன்று மணி நேரத்துக்குள் மராத்தான் ஓடியது உலகிலேயே அதுதான் முதல் தடவை. அடுத்த ஆண்டு, 73 வயதில், இன்னும் வேகமாக 2:54:48! நம்ப முடிகிறதா? 2016-ல் 85 வயதில் டொரன்டோவில் அவர் ஓடிய நேரம் 3:56:34. என் 3:56-ஐயும் அந்த 3:56-ஐயும் நோட்டில் ஒரே பக்கத்தில் அருகருகே எழுதிவைத்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கிறது.

இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி, தெரியுமா? நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் ஆர்தர் லிடியார்ட். ஆராய்ச்சிக்கூடம் எதுவும் இல்லை, தன் உடம்பையே சோதனைச்சாலை ஆக்கினார். வாரத்துக்குக் கொஞ்சமாக ஓடிப் பார்த்தார், மலைக்கவைக்கும் தூரமும் ஓடிப் பார்த்தார். கடைசியில் வாரம் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், என்ற இடத்தில் வந்து நின்றார். அவருடைய சீடர்கள் ஞாயிறுதோறும் வாய்டாருவா மலைப்பாதையில் 22 மைல் ஓடியே ஆக வேண்டும். மராத்தான்காரர்கள் மட்டுமல்ல, 800 மீட்டர் ஓடுபவரும்தான்! இரண்டு நிமிடம்கூட நீடிக்காத பந்தயத்துக்கு எதற்கு 35 கிலோமீட்டர் என்று அன்று பலர் வியந்திருப்பார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பதில் வந்தது. பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம். ஒரு மணி நேரம் போவதற்குள் அதே மைதானத்தில் மர்ரே ஹால்பர்க் 5,000 மீட்டரில் தங்கம். சில நாள் கழித்து மராத்தானில் பேரி மகீ வெண்கலம். மூவரும் அந்தச் செருப்புத் தொழிலாளியின் பிள்ளைகள்!

பிற்காலத்தில் நார்வேயில் குடியேறிய அமெரிக்கர் ஸ்டீபன் சைலர் உலகத்தரம் வாய்ந்த தாங்கு திறன் வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளைப் புரட்டினார். பனிச்சறுக்கு, படகு, சைக்கிள், ஓட்டம், எந்த விளையாட்டை எடுத்தாலும் ஏறக்குறைய அதே விகிதம். நூறு பயிற்சிகளில் எண்பது சுலபம், இருபதுதான் கடினம்! எலியுட் கிப்சோகேயை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 பெர்லினில் 2:01:09 ஓடியபோது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 2 நிமிடம் 52 விநாடி. அவரே ஈஸி நாளில் ஒரு கிலோமீட்டருக்கு நான்கு நிமிடத்துக்கும் மேல் எடுத்துக்கொள்வார். ஒரு நிமிடத்துக்கும் அதிக வித்தியாசம்! அனுபவசாலிகளான நாம் என்ன செய்கிறோம்? பந்தய வேகம் 5:30 என்றால் ஈஸி ரன்னும் 5:45-ல். பக்கத்தில் ஒருவர் முந்தினால் 5:35. அது சுலபமும் இல்லை, கடினமும் இல்லை. செவ்வாய்க்கிழமை களைப்பு வியாழக்கிழமை இன்டர்வலை, அதாவது விட்டுவிட்டு வேகமாக ஓடும் பயிற்சியை, தின்றுவிடும். நான் ஆறு ஃபுல்லும் இப்படித்தான் ஓடினேன். இதற்கு வாட்ச்சே வேண்டாம், முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிந்தால் அதுதான் ஈஸி. மூச்சு நடுவில் முறிந்தால் வேகத்தைக் குறையுங்கள்.

மிச்ச இருபது சதவீதம் சும்மா இல்லை! அங்கேதான் டெம்போ ரன், இன்டர்வல் எல்லாம். ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம் ஒன்று ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. அதைத் தாண்டினால் இரத்தத்தில் லாக்டேட் மளமளவென்று ஏறும். கால் வலிக்கு அந்த லாக்டேட்தான் வில்லன் என்று பள்ளியில் படித்தோமே, அது தவறு, தெரியுமா? லாக்டேட் கழிவே அல்ல, எரிபொருள்! ஒரு தசையில் உற்பத்தியாகி, இரத்தத்தில் பயணம் செய்து, இன்னொரு தசையிலும் இதயத்திலும் எரிகிறது என்று 1980களிலேயே கலிஃபோர்னியாவின் ஜார்ஜ் புரூக்ஸ் சொல்லிவிட்டார். டெம்போ ரன் என்பது அந்த ஒரு மணி நேர வேகத்தை ஒட்டி ஓடி, அந்த எரிபொருளை வாங்கி எரிக்க உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு.

இன்டர்வலில் ஒரு குட்டி மாயாஜாலமும் உண்டு. பார்ட் யாஸோ என்ற அமெரிக்க ஓட்டக்காரர் பெயரால் வழங்குவது. 800 மீட்டரைப் பத்து தடவை ஓடுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே அதே அளவு நேரம் மெல்ல ஓடி இளைப்பாறுங்கள். பத்தையும் 3 நிமிடம் 45 விநாடியில் முடிக்க முடிந்தால் மராத்தான் 3 மணி 45 நிமிடம்! நிமிடம் மணியாகிறது, விநாடி நிமிடமாகிறது. துல்லியமான அறிவியல் என்று சொல்லமாட்டேன். லாங் ரன் ஓடாதவருக்கு இது பலிக்காது. ஆனால் பலருக்குக் கிட்டத்தட்ட வந்து நிற்கிறது என்பதே எனக்குத் தீராத வியப்பு.

வேலைக்குப் போகிறவருக்கு இதெல்லாம் எங்கே நடக்கும் என்கிறீர்களா? 2018 பாஸ்டன் மராத்தான். கொட்டும் மழை, எதிர்க்காற்று, உறையவைக்கும் குளிர். பெரிய பெரிய வீரர்கள் பாதியில் விலகிக்கொண்டிருக்கிறார்கள். கடைசிக் கிலோமீட்டர்களில் எல்லோரையும் முந்தி வென்றவர் யூகி கவாவுச்சி, 2:15:58. அப்போது அவர் ஜப்பானின் சைதாமாவில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் முழுநேர அரசு ஊழியர்! அலுவலக நேரம் போக ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஓட்டம். பெரும்பாலான நாள் மெதுவாக, கடின ஓட்டம் வாரத்தில் இரண்டே தடவை. அதே பந்தயத்தில் பெண்கள் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்த சாரா செல்லர்ஸ் யார் தெரியுமா? மருத்துவமனையில் மயக்கவியல் செவிலியர். அவருக்கு அது வாழ்க்கையில் இரண்டாவது மராத்தான்! பரிசு 75,000 டாலர்.

இனி காலுக்கு வருவோம். நிமிடத்துக்கு 170 அடி என்று வைத்தால் என் 236 நிமிடத்தில் நாற்பதாயிரம் அடிக்கு மேல்! ஒவ்வொரு அடியும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரத்தைத் தாங்குகிறது. தரையில் மோதும் அந்த ஆற்றல் வீணாவதில்லை. குதிகாலுக்கு மேலே விறைப்பாகக் கைக்குத் தட்டுப்படுகிறதே, அந்தத் தசைநாண் ஒரு ஸ்பிரிங். ஒரு அடியில் கைமாறும் ஆற்றலில் சுமார் 35 சதவீதத்தை அது வாங்கித் திருப்பித் தருகிறது, பாதத்தின் வளைவு இன்னொரு 17 சதவீதம். லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் மெக்நீல் அலெக்சாண்டர் குழு 1987-ல் போட்ட கணக்கு இது. ஏறத்தாழ பாதி இலவசம்! பின்லாந்தில் 1999-ல் வெளியான ஒரு ஆய்வில் ஓட்டக்காரர்கள் ஒன்பது வாரம் ஓடும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, குதித்தல், தாவுதல், ஸ்பிரின்ட் என்று செய்தார்கள். ஆக்சிஜன் வாங்கும் திறன் அப்படியே இருக்க, 5 கிலோமீட்டர் நேரம் மட்டும் குறைந்தது. ஸ்பிரிங் முறுக்கேறிவிட்டது! நான் இப்போது பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறேன், காலுக்கு இருபது. கார்பன் தகடு வைத்த ஷூவும் ஏறத்தாழ நான்கு சதவீத ஆற்றலை மிச்சப்படுத்தும் என்று ஆய்வுக்கூடத்தில் அளந்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வெறுங்காலில் டேப் சுற்றிக்கொண்டு ஓடிப் பேர்பெற்ற நம் ஷிவ்நாத் சிங் 1978-ல் ஜலந்தரில் 2:12:00 ஓடினார். அந்த இந்தியச் சாதனையை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் யாராலும் உடைக்க முடியவில்லை!

சாப்பாட்டு விஷயத்தில் நடந்த ஒரு சோதனையைப் படித்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. 1966, ஸ்வீடன். யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் என்று இரண்டு மருத்துவ ஆராய்ச்சியாளர்கள். நடுவே ஒரே ஒரு உடற்பயிற்சி சைக்கிள். இந்தப் பக்கம் ஒருவர் ஒற்றைக் காலால் ஒரு பெடலை மிதிக்கிறார், அந்தப் பக்கம் மற்றவர் ஒற்றைக் காலால் மறு பெடலை. இன்னொரு கால் சும்மா கிடக்கிறது. இனி முடியாது என்று கால் ஓயும்வரை மிதித்தார்கள். பிறகு மூன்று நாள் மாவுச்சத்தாகவே சாப்பிட்டார்கள். இடையிடையே தங்கள் தொடையிலேயே ஊசியை இறக்கித் துணுக்குத் தசையை எடுத்துச் சோதித்தார்கள். மிதித்த காலில் கிளைகோஜன் இரண்டு மடங்காக ஏறியிருந்தது! சும்மா கிடந்த காலில் பெரிய மாற்றம் இல்லை. ஒரே உடம்பு, ஒரே இரத்தம், ஒரே சாப்பாடு. உழைத்த கால் மட்டும் எனக்கு இன்னும் கொடு என்று கேட்டு வாங்கியிருக்கிறது! மூன்றே ஆண்டுகளில், 1969-ல், இங்கிலாந்தின் ரான் ஹில் இந்த முறையில் சாப்பிட்டு ஏதென்ஸில் ஐரோப்பிய மராத்தான் பட்டத்தை வென்றார்.

நம் சாப்பாட்டுக் கணக்கில் இது எவ்வளவு தெரியுமா? பந்தயத்துக்கு முந்தைய நாள் ஒரு கிலோ உடல் எடைக்கு 10 கிராம் மாவுச்சத்து என்பது இன்றைய பரிந்துரை. 60 கிலோ ஆளுக்கு 600 கிராம். அரிசியில் அளந்தால் முக்கால் கிலோ அரிசி, ஒரே நாளில்! இட்லி, இடியாப்பம், தயிர் சாதம், வாழைப்பழம், பழச்சாறு என்று பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். முந்தைய இரவு ஒரு தட்டு பாஸ்தா சாப்பிட்டுவிட்டுத் தயாராகிவிட்டதாக நான் நினைத்த வருடங்களை எண்ணினால் மனசு கனக்கிறது.

ஓடும்போது சாப்பிடுவதிலும் ஒரு சூட்சுமம். குடலில் குளுக்கோஸ் நுழைய ஒரு கதவு, பழச் சர்க்கரையான ஃப்ரக்டோஸ் நுழைய வேறொரு கதவு. முதல் கதவு வழியாக மணிக்கு 60 கிராம்தான் போகும். இரண்டையும் திறந்தால் 90 கிராம்! நம் வீட்டு வெள்ளைச் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். இரண்டு கதவுக்கும் சாவி சமையலறை டப்பாவிலேயே இருக்கிறது! ஆனால் குடலுக்கும் பயிற்சி வேண்டும். ஞாயிறு லாங் ரன்னில் பழக்காத சர்க்கரை ஜெல்லைப் பந்தயத்தன்று விழுங்கினால் வயிறு புரட்டும்.

விழுங்காவிட்டால்? இங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 2004-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் சைக்கிள் வீரர்களுக்கு இனிப்புச் சுவையே இல்லாத மாவுச்சத்துக் கரைசலைக் கொடுத்தார்கள். வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது. ஒரு மணி நேர சைக்கிள் ஓட்டத்தில் வேகம் சுமார் 3 சதவீதம் கூடியது! அதே குழுவினர் குளுக்கோஸை நேரே இரத்தக் குழாயில் ஏற்றிப் பார்த்தபோது பலன் இல்லை. சாப்பாடு வருகிறது என்று வாய் மூளைக்குச் செய்தி சொன்ன மாத்திரத்தில் கால்களுக்குக் கூடுதல் அனுமதி கிடைத்திருக்கிறது.

வெயில்கூட வீண் இல்லை. வெக்கையில் பத்துப் பதினான்கு நாள் ஓடினால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது. மே மாதச் சென்னையில் மெதுவாக ஓடி வியர்த்து ஊற்றிய கிலோமீட்டர்களெல்லாம் ஜனவரிக் குளிரில் கூலி தருகின்றன.

அப்புறம், ஓடாமல் இருப்பதும் பயிற்சி! கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைப் பாதியாகக் குறைத்து, வேகத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொள்வதற்கு டேப்பர் என்று பெயர். அனுபவசாலிகளுக்கு இதுதான் மிகப் பெரிய சோதனை. உழைத்துச் சேர்த்ததெல்லாம் கரைந்துவிடுமோ என்று மனசு அடித்துக்கொள்ளும். அப்போது ஜோன் பெனாய்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 1984-ல் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மராத்தான். அதற்கான அமெரிக்கத் தேர்வுப் போட்டிக்குப் பதினேழே நாள் இருக்கும்போது அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை! ஓட முடியாத நாள்களில் கைகளால் பெடலைச் சுற்றி மூச்சைக் காப்பாற்றிக்கொண்டார். பதினேழாம் நாள் தேர்வுப் போட்டியில் முதலாவதாக வந்தார். ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் 2:24:52, தங்கம்! வருடக்கணக்கில் கட்டிய உடம்பு இரண்டு வாரத்தில் இடிந்துவிடாது.

இப்போது அந்த 18 நிமிடம். 2023 அக்டோபர் 8, சிகாகோ. கென்யாவின் கெல்வின் கிப்டும் அங்கீகரிக்கப்பட்ட மராத்தானில் அதுவரை எவரும் ஓடாத 2:00:35-ல் முடிக்கிறார். முதல் பாதி 60:48, இரண்டாம் பாதி 59:47. எல்லோரும் தள்ளாடும் இடத்தில் அவர் வேகம் கூட்டியிருக்கிறார்! நான்கே மாதத்தில், 24 வயதில், கார் விபத்தில் அந்தப் பிள்ளை போய்விட்டார். இன்றும் அந்த இரண்டு எண்களையும் பார்த்தால் தொண்டை அடைக்கிறது. அந்த ஓட்டத்தின் பாடம் என் 1:49-க்கும்தான். முதல் பாதியில் நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த ஒவ்வொரு நிமிடத்தையும் 32-ஆவது கிலோமீட்டர் வட்டியோடு பிடுங்கிக்கொண்டிருக்கிறது.

ஜனவரியில் ஓடப்போகும் ஏழாவது மராத்தானுக்கான நோட்டில் 1:53, 1:52 என்று எழுதிவைத்திருக்கிறேன். கூட்டினால் 3:45. நாளைக் காலை 4 மணிக்குப் பதினான்கு கிலோமீட்டர், ஈஸி. பேசிக்கொண்டே ஓட ஆள் கிடைத்துவிட்டது.